வாலிக்காக வாதாடுபவர்



சென்ற பங்குனி மாதத்தில் ஒரு நாள் மாலை, பாலக்காட்டிலுள்ள என் தமக்கையின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். கூடத்தில் ஐந்து பிள்ளைகள் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். மேசைமீது சில காகிதங்கள், பென்சில்கள், இருபது முகங்கள் கொண்ட ஒரு விநோதமான பகடைக்காய். சீட்டு இல்லை, காய் நகர்த்தும் கட்டங்கள் இல்லை. பேச்சு மட்டுமே இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் என் தமக்கை கவலை கொண்டிருந்தாள். அவளுடைய மகன், பதினாறு வயதுப் பையன், உரத்த குரலில் தன் நண்பர்களை நோக்கி, "உங்கள் எல்லோரையும் அரசனிடம் காட்டிக் கொடுத்துவிட்டுப் பொற்காசுகளுடன் நான் போய்விடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "தம்பி, நீயாவது கேட்கக் கூடாதா? நல்ல பிள்ளையாக வளர்த்தேன். மூன்று மாதமாக வாரந்தோறும் திருடனைப் போலப் பேசுகிறான்" என்று அவள் சமையலறையிலிருந்து என்னிடம் முறையிட்டாள்.

நான் தொழிலால் மொழிபெயர்ப்பாளன். மத்திய அரசின் சுற்றறிக்கைகளையும் விதிகளையும் இருபது ஆண்டுகளாக மொழி மாற்றி வருபவன். பிறர் சொன்னதைப் பிறர் குரலில், என் அபிப்பிராயம் சிறிதும் கலவாமல் சொல்வதே எனக்கு ஊதியம் தரும் வேலை. ஆகவே, வேறொருவனாக நின்று பேசுவது குற்றம் என்று தீர்ப்புக் கூற எனக்குத் தகுதி உண்டா என்ற ஐயம் முதலிலேயே எழுந்தது. ஆயினும் தமக்கை கேட்டுக்கொண்டபின் விசாரியாமல் இருக்க இயலுமா? பையனை அழைத்துக் கேட்டேன். "மாமா, திருடுவது நானல்லேன். நான் ஆடும் பாத்திரம்தான் திருடன்" என்று அவன் மிகுந்த பொறுமையுடன் விளக்கத் தொடங்கினான்.

அவன் விளக்கியதையும், பின்னர் நானாகத் தேடிப் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த ஆட்டம் அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டில் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் அதை இயற்றினர். 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். டஞ்சன் என்பதை நிலவறை எனலாம். டிராகன்தான் மொழிபெயர்ப்பாளனை வதைக்கும் சொல். பறவைநாகம் என்று சிலர் எழுதுகின்றனர். நம் கோவில் தூண்களிலுள்ள யாளியை நினைத்துக்கொண்டால் உருவம் ஒருவாறு மனத்துக்கு வரும், ஆனால் யாளிக்குச் சிறகும் இல்லை, அது நெருப்பைக் கக்குவதும் இல்லை. போகட்டும். மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் அடைத்து, முதற்பதிப்பாக ஆயிரம் பிரதிகளே அச்சிட்டனர்.

இதன் மூதாதை வேறு வகையைச் சேர்ந்தது. 1824-இல் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர், படைத்தலைவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொருட்டு, நிலப்படத்தின்மீது சிறு கட்டைகளைப் படைகளாக வைத்து ஆடும் போர் ஆட்டம் ஒன்றை வெளியிட்டார். அதில் இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்தார். பகடை உருட்டி, இழப்பு எவ்வளவு என்று அவர் அறிவிப்பார். அமெரிக்க இளைஞர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் அந்த மரபில் ஒரு மாற்றம் செய்தனர். ஒரு படைக்கு ஒருவர் என்பதை விட்டு, ஒரு மனிதனுக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டனர். அந்த ஒரு மாற்றத்தால் போர் ஆட்டம் நாடகமாயிற்று. ஏனெனில் படை பேசாது, மனிதன் பேசுவான்.

ஆடும் முறை இதுதான். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்கின்றனர். வீரன், மந்திரவாதி, குரு என மூன்று வகைகளே தொடக்கத்தில் இருந்தன, கள்வன் பின்னால் வந்து சேர்ந்தவன். வலிமை, அறிவு, விவேகம் முதலிய ஆறு குணங்களுக்கு எண்கள் குறிக்கப்பெறும். ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காமல் உலகம் முழுவதையும் ஏற்கிறார். காடு, கோட்டை, வாயிற்காவலன், அரசன், அரக்கன் யாவும் அவரே. "நீங்கள் ஓர் ஆற்றங்கரையை அடைகிறீர்கள், தோணி இல்லை, என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்பார். ஆடுவோர் தத்தம் பாத்திரத்தின் இயல்புக்கேற்ப விடை சொல்வர். செயல் கைகூடுமா என்பதில் ஐயம் இருந்தால் பகடை உருளும். ஆட்டம் ஓர் இரவில் முடிவதன்று. வாரந்தோறும் கூடி, மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் ஒரே கதை வளர்கிறது. தொலைதூர ஊர்களில் உள்ள குழுக்கள் ஒரே விதிகளுக்குட்பட்டு ஒரே கதைத்தொடரை ஆடுவதற்கான அமைப்பும் பின்னர் அமெரிக்காவில் ஏற்பட்டது. ஓர் ஊரில் ஆடியவர் தம் பாத்திரத்துடன் மற்றோர் ஊர் மேசையில் போய் அமரலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. எங்கோ கண்டது போன்ற நினைவே வந்தது. சற்று யோசித்தபின் எங்கே கண்டேன் என்பது விளங்கிற்று. அங்கிருந்து முப்பது கல் தொலைவுக்குள், பாரதப்புழையின் கரையில், பகவதி கோவில்களின் முன்னே நிற்கும் கூத்துமாடங்களில்தான்.

தோல்பாவைக்கூத்தை நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாலக்காடு மாவட்டத்திலும், அதனையொட்டிய திருச்சூர், மலப்புறம் பகுதிகளிலும், பத்திரகாளி கோவில்களில் தை முதல் வைகாசி வரையிலான பருவத்தில் அது நடைபெறுகிறது. கோவிலுக்கு எதிரே, அம்மனைப் பார்த்தபடி, நீண்டு ஒடுங்கிய ஒரு கட்டடம் நிலையாகவே கட்டப்பட்டிருக்கும். அதுவே கூத்துமாடம். அதன் முகப்பில் நாற்பத்திரண்டு அடி நீளத்துக்குத் திரை கட்டுவர். மேற்பகுதி வெள்ளைத்துணி, கீழ்ப்பகுதி கறுப்பு. திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து இருபத்தொரு விளக்குகள் வரிசையாக ஏற்றப்படும். அந்த விளக்குகளுக்கு நெருப்பு கோவிலிலிருந்தே வருகிறது. பாவைகள் முற்காலத்தில் மான்தோலில் செய்யப்பட்டவை, இப்போது ஆட்டுத்தோல் பயன்படுகிறது. தோலில் நுண்ணிய துளைகளால் அணிகலனும் ஆடையும் வரைந்திருப்பார்கள். துளை வழியே ஒளி புகும்போது கறுப்பு நிழலில் முத்துப் பதித்தாற்போல் தோன்றும்.

கதை இராமாயணம். அதுவும் கம்பராமாயணம். மலையாளம் பேசும் நாட்டில், மலையாளமே வீட்டுமொழியாகக் கொண்டுவிட்ட குடும்பங்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ச் செய்யுட்களை மனப்பாடமாகக் காத்து வருகின்றன. செய்யுட்களை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் பயில்கின்றனர். ஆடுவோருக்குப் 'புலவர்' என்பது பட்டம். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது வரைந்த எல்லைக்கோடு வாளையாற்றில் நின்றுவிட்டது. கம்பன் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே சென்று குடியேறிவிட்டான். நான் நாள்தோறும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சொற்களைக் கடத்துபவன். ஆனால் மொழியை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றி, பொருளை வாய்மொழி உரையால் விளக்கிக் காத்த இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் சிறந்ததோர் ஏற்பாட்டை என் அலுவலகத்தில் நான் கண்டதில்லை.

கூத்து ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தொரு இரவு, நாற்பத்தொரு இரவு, எழுபத்தொரு இரவு எனக் கோவிலுக்குக் கோவில் மாறுபடும். இருபத்தொரு இரவுக் கூத்து பஞ்சவடியில் தொடங்கி முடிசூட்டு விழாவில் முடியும். ஒரு கோவிலில் முடிந்ததும் அடுத்த கோவிலில் மறுபடியும் பஞ்சவடி. இரவு பத்து மணி அளவில் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். ஆண்டுதோறும், கோவில்தோறும், அதே கதைத்தொடர், அதே விதிகள். பிள்ளைகளின் அமைப்பு வேறு, இது வேறு என்றாலும், தொடர்கதையைக் கூட்டாக நடத்தும் முறை எங்கு வந்தாலும் ஏறத்தாழ ஒரே உருவம் கொள்கிறது போலும்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். பாவைக்கூத்து என்றவுடன் பாவைகள் குதிப்பதும் அம்பு பறப்பதுமே நம் நினைவுக்கு வரும். போர்க்காட்சிகளில் அவையெல்லாம் உண்டு. ஆனால் இரவின் பெரும்பகுதியில் பாவைகள் அசைவதில்லை. திரையில் முள்ளால் குத்தி நிறுத்தப்பட்டிருக்கும். அசைவது பேச்சு. ஒரு புலவர் செய்யுளைப் பாடுவார். பிறகு அதன் பொருளை அந்தப் பாத்திரமாகவே இருந்து விரிப்பார். எதிர்ப்பாத்திரத்தை ஏற்ற புலவர் அதை மறுப்பார், அல்லது வினா எழுப்புவார். வினாவுக்கு உடனே விடை வரவேண்டும். செய்யுள் கம்பன் தந்தது, வினாவும் விடையும் அந்த இரவில் பிறப்பவை. இலக்கணம், புராணம், வைத்தியம், சோதிடம், உலகியல் எல்லாம் அதில் வந்து கலக்கும். ஒரு சொல்லின் பொருள் பற்றிய வாதம் ஒரு மணி நேரம் நீள்வதும் உண்டு. இதற்காகவே இளம் வயதில் தொடங்கி ஆறு முதல் பத்து ஆண்டுகள் வரை பயில்கின்றனர்.

கம்பனிடம் இல்லாத பகுதிகளையும் புலவர்கள் சேர்த்திருக்கின்றனர். சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் காட்டில் தவம் செய்துகொண்டிருக்கையில் இலக்குவன் கையால் மாள்கிறான் என்பது அவற்றுள் ஒன்று. இந்தச் சிறு நிகழ்ச்சி எவ்வளவு பெரிய மாறுதலை உண்டாக்கிவிடுகிறது என்பதைப் பாருங்கள். அதுவரை ஆசையால் வந்த அரக்கியாக நாம் எண்ணியிருந்தவள், மகனை இழந்த தாயாகிவிடுகிறாள். அவளுக்காகப் பேசவேண்டிய புலவருக்கு இப்போது பேசுவதற்கு நியாயம் ஒன்று கிடைத்துவிட்டது. எதிர்த்தரப்புக்காகப் பேசும் கடமை ஏற்பட்ட இடத்தில், அத்தரப்புக்குக் காரணங்களும் தாமே முளைக்கின்றன.

தமக்கையின் வீட்டிலிருந்து வந்த அடுத்த வாரம், பாரதப்புழைக் கரையிலுள்ள ஒரு சிறு கோவிலுக்குச் சென்றேன். அன்று வாலிவதம். முதலில் திரையில் கணபதி தோன்றினார். பின்னர் பட்டர் பாவைகள் வந்து கடவுள் வாழ்த்தும் குரு வணக்கமும் கூறி, கூத்துக்குப் பணம் கொடுத்தவர்களை வாழ்த்தின. வாழ்த்தப்பெற்றவர்களில் எவரும் அங்கே இல்லை. பத்து மணிக்கு முற்றத்தில் இருபதுபேர் வரை இருந்தோம். பன்னிரண்டு மணிக்கு ஆறு பேர். இரண்டு மணிக்கு நான், துண்டை விரித்து உறங்கிய ஒரு கிழவர், ஒரு நாய். மாடத்துக்குள்ளும் நால்வரில் இருவர் உறங்கிவிட்டனர். மற்ற இருவர் இருபத்தொரு விளக்குகளின் வெப்பத்தில் வியர்வை வழியப் பேசிக்கொண்டிருந்தனர்.

மறைந்து நின்று எய்யப்பட்ட அம்பு மார்பில் தைத்துக் கிடக்கும் வாலி, இராமனை வினவும் கட்டம் அது. கம்பராமாயணத்தைக் கற்றவர்கள் காலங்காலமாகப் பட்டிமன்றம் நடத்தி வரும் இடம். வாலியை ஏற்றவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். நான் திரைக்குப் பக்கவாட்டில் சென்று, அனுமதி கேட்டு, உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் கையில் பாவை கூட இல்லை. அது திரையில் குத்தப்பட்டிருந்தது. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, எதிரே இருந்த இளையவரின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வினாவாக அடுக்கினார். எனக்கும் உனக்கும் என்ன பகை? மனையாளைப் பிரிந்த துயரம் உன் நீதியையும் பிரித்துவிட்டதா? நேரே வந்து கேட்டிருந்தால் இராவணனைக் கட்டி இழுத்து வந்திருப்பேனே, அவனை வாலில் கட்டி அலைந்தவன் நானல்லவா? குரங்குக்கு மனித நீதியை எந்த நூல் விதித்தது? ஒவ்வொன்றுக்கும் செய்யுள் உண்டு. ஆனால் இடையிடையே அவர் தாமாக இழைத்தவை செய்யுளைக் காட்டிலும் கூர்மையாக இருந்தன. இராமனை ஏற்ற இளையவர் இரண்டொரு முறை தடுமாறினார். உடனே விடை வராதபோது சிறிது மௌனம் நிலவிற்று. அந்த மௌனத்தில் அம்பு பட்டவன் வாலியா இராமனா என்றே எனக்குத் தோன்றியது.

வாலி மடிவான் என்பது இருவருக்கும் தெரியும். பக்தியில் இருவரும் இராமன் பக்கமே என்பதும் வெளிப்படை. ஆயினும் வாலிக்காகப் பேசும் முறை வந்தவர் வாதத்தில் ஒரு மாற்றும் குறைக்கவில்லை. குறைத்தால் இராமனுக்கு விடை தேடும் வேலை இல்லாமற் போய்விடும், கூத்து படுத்துவிடும். இறுதியில் மறைந்து நின்றதற்கு இலக்குவன்தான் விடை கூறுகிறான். தம்பிக்கு அடைக்கலம் தந்த பின், நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் கேட்டுவிடுவாய் என்பது அந்த விடை. கேட்டவுடன் நிறைவு தரும் விடையன்று அது. கம்பன் வேண்டுமென்றே அப்படி விட்டானோ என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இங்கே நன்கு புலனாகும். மேசை ஆட்டத்தில் முடிவு எவருக்கும் தெரியாது. பகடையின் இருபது முகங்களில் எது மேலே வரும் என்பதே விதி. கூத்தில் முடிவு முழுவதும் தெரியும். விதி கம்பனால் எழுதப்பட்டுவிட்டது. சுதந்திரம் என்பது அங்கே செயலில் இருக்கிறது, இங்கே நியாயத்தில் இருக்கிறது. என்ன நடக்கும் என்பதை மாற்ற முடியாதவர்கள், அது ஏன் நடந்தது, நடந்தது சரியா என்று விடியும் வரை பேச உரிமை பெறுகிறார்கள். இவற்றுள் எது கடினம் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதே என்பேன். தோற்பவன் என்று தெரிந்த ஒருவனுக்காக முழு மனத்துடன் வாதாடுவது, வெல்லலாம் என்ற நம்பிக்கையுடன் வாதாடுவதைப் போன்றதன்று.

விடியற்காலையில் தேநீர்க்கடையில் அந்த மூத்த புலவரிடம் எனக்கிருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். யாரும் இல்லாதபோது யாருக்காக இவ்வளவு? அம்மை கேட்கிறாள் என்பது அவருடைய முதல் விடை. அது நானும் எதிர்பார்த்ததே. இராமன் இராவணனோடு பொருத காலத்தில் பத்திரகாளி தாரிகனோடு பொருதுகொண்டிருந்ததால் அந்தப் போரைக் காணவில்லை, அவள் காண்பதற்காகவே கூத்து ஏற்பட்டது என்பது மரபுக்கதை. பிறகு அவர் சற்று யோசித்து, எதிரே இருப்பவன் கேட்கிறானே, அவனுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா என்றார். நான் திரைக்கு முன்னே ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கேட்பவர் திரைக்குப் பின்னேயே இருந்தார். அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இக்கூத்தைப் பல இரவுகள் உடனிருந்து ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட நூலிலும், பார்வையாளர் இல்லாத முற்றத்தின் முன்னே புலவர்கள் தமக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் இந்த நிலையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மேசையைச் சூழ்ந்து ஆடும் பிள்ளைகளுக்கும் பார்வையாளர் இல்லை. ஆடுவோரே கேட்போர்.

ஆனாலும் இதை அழகான தத்துவமாக்கித் திருப்தியடைந்துவிடுவது சரியன்று. முற்றம் வெறிச்சோடியதால் புதிய பிள்ளைகள் பயில வருவது குறைந்தது. செய்யுள் அறிந்தவர் குறைந்தால் வாதம் குறையும், வாதம் குறைந்தால் பாவை அசைவது மட்டும் மிஞ்சும். கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இதை முன்பே உணர்ந்து, கூத்தைச் சுருக்கிக் கோவிலுக்கு வெளியேயுள்ள மேடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டுசென்றார். அவருக்கு 1980-இல் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். காந்தியடிகளின் வரலாறு, இயேசுவின் வரலாறு ஆகியவையும் அக்குடும்பத்தாரால் பாவைகளில் வந்துள்ளன. நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்த இக்கலையில் அக்குடும்பத்துப் பெண்களும் இப்போது குழு அமைத்து ஆடுகின்றனர். இவை யாவும் போற்றத்தக்கவையே. ஆயினும் ஒரு மணி நேரச் சுருக்கத்தில் வாலிக்கு எத்தனை வினாக்கள் கிடைக்கும் என்று நான் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பாலக்காட்டில் இன்னொரு கூத்தையும் இங்கே கூறவேண்டும். பாணர் சமூகத்தார் ஆடும் பொறாட்டு நாடகம். அதில் 'சோத்தியக்காரன்' என்று ஒருவர் உண்டு, கேள்வி கேட்பவர் என்று பொருள். ஒவ்வொரு பாத்திரமும் அரங்கில் வந்தவுடன், நீ யார், எங்கிருந்து வருகிறாய், ஏன் இந்தப் பக்கம் வந்தாய் என்று அவர் மடக்குவார். குறவன், குறத்தி, தாசி, மண்ணான், மண்ணாத்தி என வருவோர் தமிழும் மலையாளமும் கலந்த பாட்டாலும் வேடிக்கைப் பேச்சாலும் விடை சொல்வர். எழுதிவைத்த நாடகத்தைக் காட்டிலும் அந்த நேரத்தில் தோன்றும் விடைக்கே அங்கு மதிப்பு. என் தமக்கை மகனின் ஆட்டத்தில் உலகத்தையே ஏற்று நடத்துபவரின் பட்டத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால், தெருக்கூத்தின் கட்டியங்காரனை விட்டு இந்தச் சோத்தியக்காரனையே நான் தேர்ந்தெடுப்பேன். கட்டியங்காரன் அறிவிப்பவன், சோத்தியக்காரன் வினவுபவன்.

ஆலத்தூர், சிற்றூர் பக்கத்துக் கண்யார்களியிலும் 'புறாட்டு' என்ற பகுதி உண்டு. அதில் நாயர் சமூகத்தார் பற்பல தொழிலாளர்களாகவும் மலைவாசிகளாகவும் வேடமிட்டு ஆடுவர். ஆட்டம் சிறந்தது, பாட்டு இனியது. ஆனால் பிறராக வேடம் பூணுவதிலுள்ள ஆபத்தும் அங்கேதான் தெரிகிறது. தாழ்த்தப்பட்டவனாக உயர்ந்த நிலையிலிருப்பவன் வேடமிட்டால், அவனுக்காகப் பேசுகிறானா, அவனைக் காட்டிச் சிரிக்கிறானா? இரண்டுக்கும் இடையே ஒரு நூலிழைதான் தூரம். வாலியின் வேடத்தில் இந்தச் சங்கடம் இல்லை. வாலியின் பேரப்பிள்ளைகள் அடுத்த தெருவில் குடியிருக்கவில்லை.

தெற்கே இடுக்கி மலைகளுக்குச் சென்றால் வேறொரு காட்சி. கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்டு, தங்களுக்கென ஓர் அரசரை இன்றும் உடைய மன்னான் மக்கள் வாழ்கின்றனர். (மேலே பொறாட்டில் வந்த மண்ணான் துணி வெளுப்பவர், இவர்கள் மன்னான். மூன்று சுழி, இரண்டு சுழி வேறுபாட்டை அச்சகத்தார் கவனிக்குமாறு வேண்டுகிறேன்.) தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய மரபு. அவர்களுடைய கூத்தின் கதை கோவலனும் கண்ணகியும். பேசும் மொழியும் தமிழை ஒட்டியது. பெரியாற்றுக் காட்டினுள் எல்லைமேட்டில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோவில், ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும், இரு மாநில அதிகாரிகளின் மேற்பார்வையில் திறக்கப்படுவதை நேயர்கள் அறிவீர்கள். கண்ணகியின் வழக்குரையைக் காவியமாகப் படித்தவர் நாம். அந்த வழக்கைத் தங்கள் குலத்தின் பழைய ஊரில் நடந்ததாக நினைத்து ஆடுவோர் அவர்கள்.

என் தமக்கையின் அச்சத்துக்குத் திரும்புவோம். அது அவளுக்கு மட்டும் தோன்றியதன்று. 1980-களில் அமெரிக்காவிலேயே பெற்றோரும் மதச்சபையினர் சிலரும், இந்த ஆட்டம் இளைஞர் மனத்தைக் கெடுக்கிறது, மந்திரத்திலும் தற்கொலையிலும் தள்ளுகிறது என்று பெருங்கூச்சல் எழுப்பினர். ஆராய்ந்தவர்களுக்கு அப்பழிக்கு ஆதாரம் கிட்டவில்லை. கூச்சலும் காலத்தால் அடங்கிற்று. ஆனால் ஆதாரமில்லை என்று சொன்னால் ஒரு தாயின் மனம் ஆறுமா? ஆறாது. எனவே நான் அவளிடம் அமெரிக்கக் கதையைச் சொல்லவில்லை. கூத்துமாடத்துக் கதையைச் சொன்னேன். இராவணனுக்காக ஆண்டுதோறும் பேசி வருபவர்கள் எவருடைய மனைவியையும் கவர்ந்து சென்றதாக அந்தப் பக்கத்தில் பேச்சில்லை என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் உடனே, "அவர்கள் இராவணனாகப் பேசிவிட்டு மறுநாள் இராமனாகவும் பேசுகிறார்களே, இவன் மூன்று மாதமாகத் திருடனாக மட்டும்தானே இருக்கிறான்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. வாலியின் முன் இளையவர் தடுமாறியதைப் போல நானும் தடுமாறினேன். உண்மையில் அவள் கண்ட வேற்றுமை நான் காணாதது. கூத்தில் எந்தப் பாத்திரமும் எவருக்கும் சொந்தமில்லை. கடந்த இரவில் இராவணனுக்கு வாதாடியவர் அடுத்த இரவில் வீடணனுக்கு வாதாடுவார். மேசை ஆட்டத்தில் பாத்திரம் ஆடுபவனுக்கே உரியது. அவனோடு வளர்கிறது, அவனோடு அடிபடுகிறது, செத்தால் அவன் அழவும் செய்கிறான். முன்னதில் பாத்திரத்தின் நியாயத்தைக் கற்கலாம், பின்னதில் பாத்திரத்தோடு உறவு கொள்ளலாம்.

பையனிடம் இதையே சொன்னேன். அவன் மறுக்கவில்லை. என்னோடு ஓரிரவு கூத்துக்கு வர இசைந்தான். வேறொரு கோவிலில் கும்பகருணன் வதம். தம்பி வீடணன் எதிரணிக்கு அழைக்க வருகிறான். அண்ணன் செய்தது தவறென்று நன்கு அறிந்தே, அவன் சோற்றை உண்ட கடனுக்காக அவன் பக்கமே நின்று சாவேன் என்கிறான் கும்பகருணன். நள்ளிரவுக்குப் பின் பையன் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டான். உரையாடல் உச்சத்துக்கு வந்தபோது நானே எழுப்பினேன். தமிழ்ச் செய்யுள் அவனுக்குப் பாதி புரிந்தது, மலையாளம் கலந்த உரை முழுவதும் புரிந்தது. கடைசி வரை விழித்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமக்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. மேசையைச் சூழ்ந்து பிள்ளைகள் வழக்கம்போல் கூச்சலிடுகின்றனராம். தன் மகன் இந்த முறை சோத்தியக்காரனாக அமர்ந்திருக்கிறானாம். ஓர் அரண்மனை வாயிற்காவலனாகப் பேசுகிறானாம். உள்ளே இருக்கும் அரசன் கொடியவன் என்று தெரிந்தும் அவனுக்காகக் கதவைத் திறக்க மறுக்கிறானாம். மற்ற நால்வரும் ஒன்றரை மணி நேரமாக அந்தக் காவலனிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறார்களாம். பகடையை இதுவரை யாரும் தொடவில்லையாம். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது, நீயாவது சொல் என்றாள்.